இரண்டு நிமிடம் பேச எட்டு மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், டென்வரில் இருக்கிற கொலராடோ சட்டமன்றத்துக்குப் போய் ஒரு துப்பாக்கி மசோதாவுக்கு ஆதரவாகப் பேசிவிட்டு வந்ததைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். காலையில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் என் பெயரைக் கூப்பிட்டபோது கிடைத்தது இரண்டே நிமிடம். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்து அசந்துபோனேன். திட்டியும் வந்திருக்கிறது, பாராட்டியும் வந்திருக்கிறது, ‘எனக்கும் போக வேண்டும், எப்படி?’ என்று கேட்டுத்தான் அதிகம் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

*

கேள்வி: இத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே செத்த பிறகும் அமெரிக்கா ஏன் ஒரே சட்டம் போட்டுத் துப்பாக்கியைத் தடை செய்யவில்லை? இந்தியாவில் நம்மால் முடிகிறதே! ஐம்பது மாநிலத்திலும் தனித்தனியாக ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

நம் ஊரில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வேண்டும் என்பவர்தான் காரணம் காட்டி லைசென்ஸ் கேட்க வேண்டும். காரணம் போதாது என்று அதிகாரி நினைத்தால் கிடைக்காது, அவ்வளவுதான். இங்கே தலைகீழ். வைத்துக்கொள்வது உரிமை, தடுக்க நினைக்கிற அரசுதான் காரணம் காட்ட வேண்டும். 1791-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தத்துக்கு என்ன பொருள் என்று ரொம்ப காலம் வாதம் நடந்தது; 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2010-இல், இது மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றார்கள். 2022-இல் ப்ரூயன் வழக்கில், வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் அந்த உரிமையில் அடங்கும் என்று சொல்லி, நியூயார்க்கில் நூறு வருடத்துக்கு மேலாக இருந்த ஒரு சட்டத்தையே ரத்து செய்தார்கள்.

ஆகவே ஒரேயடியாகத் தடை என்ற பேச்சுக்கு இங்கே வழியில்லை. யார் வாங்கலாம், எந்த வயதில், என்ன சோதனைக்குப் பிறகு, எத்தனை நாள் பொறுத்து, வீட்டில் எப்படிப் பூட்டி வைத்து, இந்தக் கேள்விகள்தான் மிச்சம். இவற்றில் பெரும்பாலானவற்றை முடிவு செய்வது மாநிலங்கள். வாஷிங்டனில் 1993-இல் பிரேடி சட்டம் வந்தது, கடையில் வாங்குகிறவருக்குப் பின்னணிச் சோதனை என்று. 1994-இல் சில வகைத் தாக்குதல் துப்பாக்கிகளுக்கு (ராணுவத் துப்பாக்கி பாணியில் இருப்பவை) பத்து வருடத் தடை வந்து 2004-இல் காலாவதி ஆனது. அப்புறம் கட்டுப்பாடு என்ற பெயரில் பெரிதாக ஒரு சட்டம் வந்தது 2022-இல்தான், டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டு ஒரு மாதம் கழித்து. இடையில் 28 வருடம்! அந்த 28 வருடத்தில் நடந்ததெல்லாம் மாநிலத் தலைநகரங்களில், அதுவும் இரண்டு திசையில். இன்று 29 மாநிலங்களில் எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இன்னொரு பக்கம், ஆபத்தான மனநிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கிற ‘ரெட் ஃபிளாக்’ சட்டம் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. இரண்டையுமே கேட்டுக் கேட்டு, விடாமல் போய் நின்று வாங்கியவர்கள் சாதாரண ஜனங்கள்.

*

கேள்வி: சாதாரண ஜனங்கள் என்கிறீர்கள். இதெல்லாம் பணக்கார அமைப்புகள் பின்னால் இருந்து நடத்துவதுதானே அக்கா? உண்மையிலேயே தனி மனிதர்களால் ஏதாவது நடந்திருக்கிறதா? (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பணம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டுப்பாட்டுப் பக்கம் நியூயார்க்கின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் பணம் உண்டு, உரிமைப் பக்கம் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் பணம் உண்டு. ஆனால் எங்கள் மாநிலத்தில் நடந்ததை இரண்டு அப்பாக்களின் கதையாகத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலாமவர் டாம் மவுசர். 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு பையன் டேனியல், டாமின் மகன், வயது 15. சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு அந்தப் பையன் அப்பாவிடம், பிரேடி சட்டத்தில் ஓட்டைகள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறான். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொலையாளிகள் வைத்திருந்த நான்கு துப்பாக்கிகளில் மூன்று அந்த ஓட்டை வழியாக வந்தவைதான்: ‘கன் ஷோ’ என்கிற துப்பாக்கிச் சந்தையில், லைசென்ஸ் இல்லாத தனியாரிடம், பதினெட்டு வயதான ஒரு தோழி எந்தச் சோதனையும் இல்லாமல் வாங்கிக் கொடுத்தவை. கடைக்காரர் விற்றால் சோதனை உண்டு, பக்கத்து மேசையில் தனியார் விற்றால் கிடையாது.

மகன் செத்துப் பதினொரு நாள் ஆகியிருக்கிறது. துப்பாக்கிச் சங்கத்தின் ஆண்டு மாநாடு டென்வரிலேயே நடக்கிறது. வெளியே எதிர்ப்புத் தெரிவித்து ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது, அதுவரை மேடை ஏறியே பழக்கமில்லாத அந்த மனிதர் போய்ப் பேசினார். அடுத்த வருடம் சந்தை ஓட்டையை அடைக்கிற மசோதா சட்டமன்றத்தில் தோற்றது. சரி, சட்டமன்றம் செய்யாவிட்டால் நாமே செய்வோம் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். கொலராடோவில் அதற்கு வழி இருக்கிறது, போதுமான வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால் ஒரு சட்டத்தை நேரடியாக ஓட்டுக்கு விடலாம். 2000 நவம்பரில் அது ‘22-ஆம் திருத்தம்’ என்ற பெயரில் ஓட்டுக்கு வந்து, ஏறக்குறைய 70 சதவீத ஓட்டுடன் ஜெயித்தது. வேட்டைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் நிறைந்த மாநிலத்தில் 70 சதவீதம் என்றால், துப்பாக்கி வைத்திருக்கிறவர்களிலும் எத்தனையோ பேர் அதற்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே ஷூ அளவு. டேனியல் அன்று போட்டிருந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் டாம் இந்தக் கூட்டங்களில் பேசுவார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அவர் காலைப் பார்க்காமல் அவர் பேச்சைக் கேட்க முடிந்ததில்லை.

இரண்டாமவர் டாம் சல்லிவன், தபால் துறையில் வேலை பார்த்தவர். 2012 ஜூலை 20 அன்று அரோராவில் ஒரு தியேட்டரில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அவருடைய மகன் அலெக்ஸ் அன்று தன் 27-ஆவது பிறந்த நாளைக் கொண்டாடப் படம் பார்க்கப் போயிருந்தான். அதற்குப் பிறகு அவர் சட்டமன்றக் கமிட்டிகளுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். 2016-இல் தேர்தலில் நின்று தோற்றார். 2018-இல் மறுபடி நின்று கீழவைக்கு ஜெயித்தார். 2019-இல் ரெட் ஃபிளாக் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் அவர் ஒருவர். அதற்காக அவரைப் பதவியிலிருந்து இறக்க ஒரு கையெழுத்து இயக்கமே நடந்து, பாதியில் கைவிடப்பட்டது. இப்போது மாநில செனட்டராக இருக்கிறார். கழற்றி மாட்டுகிற மேகசின் (தோட்டா அடைக்கிற பெட்டி) கொண்ட செமி ஆட்டோமேட்டிக் (அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்கிற) துப்பாக்கிகளில் பலவற்றை வாங்க, பயிற்சி முடித்து ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) அலுவலகத்தில் தகுதி அட்டை பெற வேண்டும் என்கிற 2025-ஆம் ஆண்டின் சட்டமும் அவர் முன்வைத்ததுதான். நடைமுறைத் தேதி 2026 ஆகஸ்ட் 1.

மகன் போன பிறகு பதிமூன்று வருடம் ஒரு மனிதர் இதே கட்டடத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார். எந்தப் பணக்காரரும் ஒருவரை அப்படி வர வைக்க முடியாது தங்கையே.

*

கேள்வி: கொலராடோவில் ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். இரண்டு முறை துப்பாக்கி முனையில் கல்லாவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். இப்போது நானும் ஒன்று வைத்திருக்கிறேன், முறைப்படி பயிற்சி எடுத்து, பர்மிட் வாங்கி. உங்கள் எழுத்தைப் படித்தால் துப்பாக்கி வைத்திருப்பவன் எல்லாம் கொலைகாரன் என்று தோன்றும். எங்கள் பக்கத்து நியாயத்தை யார் பேசுவது? (பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

அண்ணா, அப்படித் தோன்றும்படி எழுதியிருந்தால் அது என் தவறு. மன்னியுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகக் கல்லாவில் நிற்கிறவரிடம் நான் போய் ‘உங்களுக்கு எதற்குத் துப்பாக்கி’ என்று கேட்க மாட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

யார் பேசுவது என்று கேட்டீர்கள். உங்கள் பக்கம் பேசுகிறவர்கள் எங்களை விட நன்றாகவே பேசியிருக்கிறார்கள், அதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தியேட்டர் சம்பவத்துக்குப் பிறகு 2013-இல் இங்கே இரண்டு முக்கியச் சட்டங்கள் வந்தன: தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, 15 குண்டுக்கு மேல் பிடிக்கிற மேகசினை விற்கத் தடை. விசாரணை நடந்த நாளில் எதிர்ப்பாளர்கள் ஏராளமாக வந்தார்கள், சட்டமன்றத்தைச் சுற்றிச் சுற்றிக் காரில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். உள்ளே பேச நேரம் குறைவாகக் கொடுக்கப்பட்டது, பலரைப் பேசாமலேயே திருப்பி அனுப்பினார்கள். ‘எங்கள் கடிதத்தைப் படிக்கவில்லை, எங்களைக் கேட்கவே இல்லை’ என்கிற அவர்களுடைய அந்தக் கோபம்தான் அப்புறம் நடந்ததற்கெல்லாம் விதை என்று நினைக்கிறேன்.

கொலராடோவில், ஒரு உறுப்பினரின் பதவிக்குக் கடைசித் தேர்தலில் விழுந்த ஓட்டில் 25 சதவீத அளவுக்குக் கையெழுத்தை 60 நாளில் சேர்த்துவிட்டால் அவரைத் திரும்ப அழைக்கும் தேர்தல் நடத்தியாக வேண்டும். அதுவரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் அப்படிப் பதவி இழந்ததில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் புவெப்லோவிலும் கடை வாசலிலும் பூங்காவிலும் நின்று கையெழுத்து வாங்கினார்கள். புவெப்லோவில் முன்னால் நின்றவர் ஒரு பிளம்பர். கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் பல மடங்கு அதிகப் பணம் வந்தது, புளூம்பெர்க் மட்டும் 3,50,000 டாலர் கொடுத்தார். ஆனாலும் 2013 செப்டம்பர் 10 அன்று மாநில செனட் தலைவர் ஜான் மோர்ஸ் சில நூறு ஓட்டில் தோற்றார், புவெப்லோவின் ஏஞ்சலா ஜிரான் தன் கட்சிக்கே பலமான தொகுதியில் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். மூன்றாவதாக ஒரு செனட்டர், தேர்தல் வருவதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார். நான் அப்போது தோற்ற பக்கத்தில் இருந்தேன், மனசு ரொம்ப கஷ்டப்பட்டது. இருந்தும், அறுபது நாள் வெயிலில் நின்று கையெழுத்து வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேசியத் துப்பாக்கிச் சங்கமே கூட அப்படித்தான் மாறியது. 1871-இல் குறி பார்த்துச் சுடப் பழக்குவதற்காகத் தொடங்கிய அமைப்பு, 1977-இல் சின்சினாட்டி கூட்டத்தில் சாதாரண உறுப்பினர்கள் சேர்ந்து தலைமையை ஓட்டுப் போட்டு இறக்கிய பிறகுதான் இன்று நாம் பார்க்கிற அரசியல் சக்தியானது.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட முடியாது. அந்த இரண்டு சட்டமும் அப்படியேதான் இருக்கின்றன. உங்களைப் போல முறைப்படி வாங்கியவரிடமிருந்து அவை எதையும் பிடுங்கவில்லை. சோதனையில் தேறாதவர் தனியாரிடம் வாங்கிக்கொண்டு உங்கள் பெட்ரோல் பங்க்குக்கு வருவதைத்தான் அவை கடினமாக்குகின்றன. உங்கள் கல்லாவைக் காலி செய்தவன் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்பதுதானே நமக்கு இடையில் இருக்கிற கேள்வி? அடுத்த விசாரணைக்கு வாருங்கள். எதிர்த்தே பேசுங்கள். பங்க் நடத்துகிற ஒரு தமிழர் சொல்வதை அந்த அறையில் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

*

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் போய்ப் பேசலாமா? (டென்வர்)

பேசலாம். கொலராடோ சட்டமன்றக் கமிட்டிகளில் பேச நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. இணையதளத்தில் மசோதா எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துப் பெயர் கொடுத்துவிட்டால் போதும், நேரில் வரலாம், ஜூமில் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். இங்கே ஒரு நல்ல விஷயம், எந்த மசோதாவையும் கமிட்டிக்கு எடுக்காமலே கிடப்பில் போட முடியாது, 1988-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதி அது. அதனால் உங்களுக்கு முக்கியமான மசோதாவுக்கு விசாரணை நிச்சயம் உண்டு.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன, கவனம். கிரீன் கார்டு இல்லாதவர் வேட்பாளருக்கோ தேர்தல் பிரசாரத்துக்கோ பணம் கொடுக்கக் கூடாது, மாநிலத் தேர்தலாக இருந்தாலும் சரி. கையெழுத்து இயக்கங்களில் பதிவு செய்த வாக்காளர்கள் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம், வாசலில் நீட்டுகிறார்களே என்று போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, துப்பாக்கிப் பக்கத்து நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வேலை, படிப்பு விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர. நண்பரோடு சுடும் பயிற்சிக்குப் போவதற்கு முன்பு கூட ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நீங்கள் பேசுவது பொதுப் பதிவில் நிற்கும், யாரும் எடுத்துக் கேட்கலாம். இன்றைய சூழ்நிலையில் அது தயக்கமாக இருந்தால் பேசாதீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின் வரிசையில் வந்து உட்கார்ந்திருங்கள். நிறைந்த அறைக்கும் காலி அறைக்கும் உறுப்பினர்கள் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

*

கேள்வி: எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர் 2007-இல் அமெரிக்காவில் வகுப்பறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் ஊரே அழுதது. அந்த மாநிலத்தில் அதன் பிறகு ஏதாவது மாறியதா? (ஈரோடு மாவட்டம்)

பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, 2007 ஏப்ரல் 16 அன்று. அன்று கொல்லப்பட்ட 32 பேரில் அவர் ஒருவர். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுத ஓடவில்லை.

மாறியது, ஆனால் பதிமூன்று வருடம் பிடித்தது. கொலையாளியை அதற்கு முன்பே நீதிமன்றம் தனக்கே ஆபத்தானவர் என்று முடிவு செய்து சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. அந்தத் தகவல் பின்னணிச் சோதனைப் பதிவேட்டுக்குப் போகவே இல்லை, அதனால் கடையில் அவருக்குத் துப்பாக்கி கிடைத்தது. அந்த ஓட்டையை ஓரளவு அடைக்க மாநில ஆளுநரின் உத்தரவும், 2008 ஜனவரியில் ஒரு மத்தியச் சட்டமும் வந்தன. ஆனால் உயிர் பிழைத்த மாணவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் கேட்ட மற்றது, அதாவது தனியார் விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்பது, மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் வருடா வருடம் கமிட்டியிலேயே விழுந்தது. அவர்களும் விடாமல் ஒவ்வொரு ஜனவரியும் போனார்கள். 32 பேர் தரையில் படுத்து மூன்று நிமிடம் அசையாமல் கிடக்கிற போராட்டம் அப்போது பல ஊர்களில் நடந்தது. இதற்கு நடுவில் 2012-இல், மாதம் ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1993-லிருந்து இருந்த சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். நினைத்துப் பாருங்கள், நீங்கள் ஐந்து வருடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், இருந்ததும் போகிறது.

2019 மே மாதம் வர்ஜீனியா பீச்சில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் ரால்ஃப் நார்தம் ஜூலையில் சிறப்புக் கூட்டம் கூட்டினார். சுமார் ஒன்றரை மணி நேரத்தில், ஒரு மசோதாவைக் கூட விவாதிக்காமல், அப்போது பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினர் ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நவம்பர் தேர்தலில் பேசுபொருளானது, இரண்டு அவையும் கட்டுப்பாட்டை ஆதரித்த ஜனநாயகக் கட்சியின் கைக்கு மாறின.

உடனே எதிர்ப்பக்கம் எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கவுன்டிகளும் (நம் ஊர் மாவட்டம் போல) ஊர்களும் புதுச் சட்டங்களை ஏற்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டன. 2020 ஜனவரி 20, மார்ட்டின் லூதர் கிங் நாள். அந்த விடுமுறையில் பொது ஜனங்கள் உறுப்பினர்களைப் பார்க்க வருவது அங்கே பழைய வழக்கம். ஏறக்குறைய 22,000 பேர் துப்பாக்கி உரிமைக்காக வந்தார்கள். சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று ஆளுநர் அவசரநிலை அறிவித்திருந்ததால், பல ஆயிரம் பேர் துப்பாக்கியோடு வேலிக்கு வெளியே தெருவில் நின்றார்கள். ரத்தம் சிந்தாமல் அந்த நாள் முடிந்தது. அதற்காக அங்கே வந்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஏப்ரலில் எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, ரெட் ஃபிளாக், மாதம் ஒன்று, இவை சட்டமாயின. தாக்குதல் துப்பாக்கித் தடை மட்டும் அந்த வருடம் செனட் கமிட்டியில், ஆளுங்கட்சி உறுப்பினர்கள் நான்கு பேரே எதிர்த்ததால், நின்றுபோனது. இருபதாயிரம் பேர் வந்தது வீண் போகவில்லை என்று அவர்களும் சொல்லிக்கொள்ளலாம்.

*

கேள்வி: டெக்சாஸில் இதெல்லாம் நடக்குமா? (டல்லஸ்)

கடினம். அங்கே கொலராடோ மாதிரி மக்கள் கையெழுத்தால் சட்டம் கொண்டுவரும் வழி கிடையாது, எல்லாம் சட்டமன்றம் வழியாகத்தான். யுவால்டி குடும்பங்கள் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்கச் சொல்லி, 2023 ஏப்ரலில் பதின்மூன்று மணி நேரம் காத்திருந்து நள்ளிரவு நெருங்கும்போது பேசினார்கள். மசோதா அசையவில்லை. மே 6 அன்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஆலன் வணிக வளாகத்தில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், ஹைதராபாத்திலிருந்து வந்த இளம் பொறியாளர் ஒருவரும் அதில் உண்டு. இரண்டு நாள் கழித்துக் கமிட்டி எட்டுக்கு ஐந்து என்று அதை நிறைவேற்றியது, இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். முழு அவைக்கு அனுப்பும் கெடு தாண்டியதால் அங்கேயே செத்தது. ஆனால் டெக்சாஸில் அப்படி ஒரு மசோதா அந்தப் படியைத் தாண்டும் என்று அதற்கு முன் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

*

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் ‘லாக்டவுன் டிரில்’ (துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்கிற பயிற்சி) நடந்ததாம். ‘அம்மா, சத்தம் போடாம இருந்தா ஸ்டிக்கர் குடுத்தாங்க’ என்றாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. கூட்டம், ஊர்வலம் என்று போக எனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. என்ன செய்வது? (அரோரா)

அம்மா, உங்கள் கடிதத்தின் அந்த ஸ்டிக்கர் வரி என்னையும் தூங்க விடவில்லை.

ஊர்வலத்துக்கு வர வேண்டாம். குழந்தை வேறு வீட்டுக்கு விளையாடப் போவதற்கு முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?’ நாய் இருக்கிறதா, நிலக்கடலை ஒவ்வாமை என்று கேட்கிறோமே, அதே குரலில். முதல் முறை நாக்கு எழாது. மூன்றாவது முறை பழகிவிடும். இதுவரை என்னிடம் யாரும் கோபித்துக்கொண்டதில்லை, ‘நல்லவேளை கேட்டீர்கள்’ என்று சொன்னவர்கள் உண்டு. சிறுவர்கள் கையில் கிடைக்காதபடி பூட்டி வைக்க வேண்டும் என்பது கொலராடோவில் 2021-லிருந்து சட்டம், ஆனால் கேட்டால்தான் பலருக்கு அது நினைவுக்கே வருகிறது.

பள்ளித் துப்பாக்கிச்சூடு நம்மைப் பயமுறுத்துகிறது, நியாயம்தான். ஆனால் 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 46,728 பேரில் 27,000-க்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். நம் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. வீட்டில் மனச்சோர்வில் இருக்கிற வளர்ந்த பிள்ளையோ, வேலை போன கணவரோ இருந்து, கூடவே துப்பாக்கியும் இருந்தால், கொஞ்ச காலத்துக்கு அதை வெளியே கொடுத்து வையுங்கள். கொலராடோவில் சில துப்பாக்கிக் கடைகளும் போலீஸ் அலுவலகங்களும் அப்படி வாங்கிப் பத்திரப்படுத்துகின்றன, எங்கே என்று காட்ட ஒரு வரைபடமே இருக்கிறது. அதைச் செய்தவர்களில் துப்பாக்கிக் கடைக்காரர்களும் மருத்துவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். கமிட்டி அறையில் எதிரும் புதிருமாக உட்காருகிறவர்கள் இந்த ஒரு வேலையில் ஒன்றாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. யாருக்காவது இப்போதே பேச வேண்டும் போல இருந்தால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

*

கேள்வி: 2023-இல் பள்ளி மாணவனாகத் தாக்குதல் துப்பாக்கித் தடை மசோதாவுக்காகப் பேச வந்தேன். நள்ளிரவு தாண்டியும் காத்திருந்தோம். கடைசியில் கமிட்டியிலேயே தோற்கடித்தார்கள். கெமிஸ்ட்ரி டெஸ்ட் போனதுதான் மிச்சம். கல்லூரிக்கு வந்துவிட்டேன், இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள். நான் எதற்கு வர வேண்டும்? (போல்டர்)

அந்த ராத்திரி நானும் அங்கே இருந்தேன் தம்பி. விசாரணை ஏப்ரல் 19 அன்று தொடங்கி, பொழுது மாறி 20 ஆன பிறகு மசோதா விழுந்தது. கொலம்பைன் நடந்து சரியாக 24 வருடம் நிறைகிற தேதி. வெளியே வந்தபோது படிக்கட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள், அதில் நீயும் இருந்திருக்கலாம். யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் என் கையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை நீட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் அதே மாதக் கடைசியில் கவர்னர் ஜாரெட் போலிஸ் வேறு நான்கு மசோதாக்களில் கையெழுத்துப் போட்டார் என்பதை மறந்துவிடாதே: வாங்கும் வயது 21, மூன்று நாள் காத்திருப்பு, ரெட் ஃபிளாக் கேட்கும் உரிமை ஆசிரியருக்கும் மருத்துவருக்கும், துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர வழி. டென்வர் ஈஸ்ட் பள்ளி மாணவர்கள் அந்த மார்ச்சில் சட்டமன்றத்தை நிறைத்ததை உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வயது சட்டத்தை ஒரு நீதிபதி நிறுத்தி வைத்தார், எதிர்த்தரப்பு வழக்குப் போட்டிருந்தது; 2024 நவம்பரில் மேல்முறையீட்டில் அது மீண்டும் உயிர் பெற்றது. அதே நவம்பரில் துப்பாக்கி, தோட்டா விற்பனைக்கு 6.5 சதவீத வரி போட்டு அதைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பிறருக்கும் கொடுக்க மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நீ கேட்ட தடை அப்படியே வரவில்லை. 2025-இல் டாம் சல்லிவன் கொண்டுவந்த மசோதாவும் விற்பனைத் தடையாகத் தொடங்கி, பயிற்சிக்குப் பிறகு வாங்கலாம் என்று மாறித்தான் நிறைவேறியது. நீங்கள் எல்லாம் 2023-இல் அந்த விவாதத்தை அந்த அறைக்குள் கொண்டுவராமல் இருந்திருந்தால் அந்த அளவுக்குக் கூட வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருந்தால் இந்த முறை வராதே. ஜூமில் பேசு, இல்லையென்றால் எழுதி அனுப்பு. நேரில் வருவதாக இருந்தால், கூட்டத்தொடர் ஜனவரி இரண்டாவது வாரம் தொடங்கி 120 நாள் நடக்கும். சார்ஜர், தண்ணீர் பாட்டில், சாப்பிட ஏதாவது எடுத்துக்கொள். நான் மூன்றாவது வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பேன், வந்து பேர் சொல்லு.